தாண்டிப்போன நூறு அத்தியாயம்

மருந்துக்கடை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. தம்பி படிக்கச் சொன்ன சீனத்து இணையத் தொடர்கதையில் நாயகன் சாகாவரம் தேடி மலையேறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். வழியில் ஒருவனை அடித்தால் அவன் அண்ணன் வருகிறான். அண்ணனை அடித்தால் அப்பன். அப்பனை அடித்தால் குரு. வருகிறவன் எல்லாம் "நான் யார் தெரியுமா?" என்றே ஆரம்பிக்கிறான்.

"சரக்கு தீர்ந்துபோச்சுடா இதை எழுதுற ஆளுக்கு, ஜவ்வு மாதிரி இழுக்குறான்!" என்று தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"அப்போ விட்டுத் தொலையேன்க்கா."

விட முடிந்தால்தானே! நாயகனுக்குத் தண்ணீர் சுமந்து வரும் வேலைக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எப்போதாவது நாலு வரிதான் வருவாள். அந்த நாலு வரி நாள் முழுக்க நெஞ்சை விட்டுப் போகாது.

ஆத்திரத்தில் ஒரே தாவலாக நூறு அத்தியாயத்தைத் தாண்டினாள். அங்கேயும் எவனோ ஒருவன் நாயகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மண்ணும் மாறவில்லை. அவனை அடித்துப்போட்டுவிட்டு, நாயகன் ஒரு கல்லறைமேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினான். கல்லறையில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

"அடப்பாவி, எப்போடா செத்தா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்துக்கே திரும்பினாள். முதல் வரி: "நான் யார் தெரியுமா?"