பதினோரு ஆண்டுகள் இறங்காத பந்து

1948ஆம் ஆண்டு ஏப்ரல் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, கானா பிராவா சர்க்கரை ஆலை மைதானத்தில் மட்டையால் அடிக்கப்பட்ட பந்து ஒன்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வருடம் கரும்பு நல்ல விளைச்சல். அரவை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆலை எஞ்சினியர் மறுநாள் கருவி கொண்டுவந்து அளந்து, முப்பத்தொரு மீட்டர் என்றார். பந்து மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அதன் சிவப்புத் தையலைக்கூட எண்ணலாம். ஏணி கட்டி ஏறிப் பார்த்தார்கள். ஏணி எத்தனை முழம் உயர்ந்ததோ பந்தும் அத்தனை முழம் உயர்ந்தது. இறங்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த செப்டம்பரில் வந்த புயல் பார்வையாளர் கொட்டகையின் கூரையைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டது. பந்து அசையவில்லை.

அது ஆலைகளுக்கிடையிலான பேஸ்பால் கோப்பையின் இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று. எதிரணியில் ஆட்டமிழக்க இன்னும் ஒரே ஒருவன்தான் பாக்கி. கானா பிராவா இரண்டு, போகா ஓண்டா ஒன்று. பந்தைப் பிடித்தால் கோப்பை கானா பிராவாவுக்கு. தரையைத் தொட்டால், பந்து மேலே இருக்கும்போதே ஓடி முடித்துவிட்ட இருவரின் ஓட்டமும் செல்லுபடியாகி, கோப்பை போகா ஓண்டாவுக்கு. அதுவரை அந்த இரண்டு ஓட்டங்களும் இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பந்துக்கு நேர் கீழே, தோல் கையுறையை விரித்தபடி, நடு மைதானக்காரன் நிக்கானோர் மொன்தேஸ் நின்றான். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவன் நகர்ந்தால் பந்தைக் கைவிட்டதாக ஆகும் என்று நடுவர் பெலிசாரியோ சொல்லிவிட்டார். அதனால் அவன் நகரவில்லை.

பந்து ஏன் நின்றது என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆடுகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. உயரப் போன பந்துக்கு இருவர் ஓடினால், எவன் முதலில் "எனக்கு!" என்று கத்துகிறானோ பந்து அவனுடையது, மற்றவன் விலகிக்கொள்ள வேண்டும். அன்று பந்துக்கடியில் முதலில் வந்து நின்றவன் அதே அணியின் இடப்பக்க மைதானக்காரன் வெனான்சியோ. கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பான். ஆனால் "எனக்கு!" என்று மொன்தேஸ் குடும்பத்துக் கட்டைக்குரல் கேட்டது. வெனான்சியோ மரியாதையாக விலகினான். நிக்கானோர் அந்த இடத்துக்கு ஓடிவந்தான். கத்தியது அவன் அல்ல. கொட்டகையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, டோன் தியோஃபிலோ மொன்தேஸ்.

ஊரார் மரியாதைக்கு ‘டோன்’ சேர்த்து அழைக்கும் தியோஃபிலோ, ஆலையில் கரும்பு வண்டிகளை எடை பார்ப்பவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு இல்லாமல் வாசலைத் தாண்டாதவர். 1927 இறுதி ஆட்டத்தில் அவருடைய தம்பி ரெகுலோ, மடியில் வந்து விழுந்த பந்தை நழுவவிட்டான். அதே வாரம் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறினான். ஊர் அன்றிலிருந்து ஒழுகுகிற வாளிக்கு மொன்தேஸ் என்று பெயர் வைத்தது. "அந்த மொன்தேஸை எடுத்துட்டு வாடி" என்று கிணற்றடியில் பெண்கள் சொல்வது அவர் காதில் விழும். அன்று முதல் அவர் எந்த நாற்காலியிலும் முதுகைச் சாய்த்ததில்லை. கோப்பையை வெல்லும் அந்தப் பந்து இன்னொருவன் கைக்குப் போவதைப் பார்த்தபோது, குரல் தானாக வெளியே வந்துவிட்டது.

முதல் வருடம் ஊர் நிக்கானோரைக் கொண்டாடியது. பாதிரியார் மைதானத்துக்கே வந்து நற்கருணை வழங்கினார். அம்மா டோனியா எமெரீதா மூன்று வேளையும் மசித்த வாழைக்காயைக் கொண்டுவந்து ஊட்டினாள். அவன் நின்றபடியே தூங்கினான். இரண்டாம் வருடம், அவனுக்கென்று பேசிவைத்திருந்த பெண் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய், ரயில்வே ஊழியன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் வருடத்திலிருந்து அவன் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கினான். வருடத்துக்கு அரைச் சாண், மழை அதிகமென்றால் சற்றுக் கூட. சாராயக் கடையில் ஒருவன், "டோன் தியோஃபிலோ, உங்க மகன் பந்தப் புடிக்கலன்னா என்ன, வேர் புடிச்சிட்டானே!" என்றான். அவர் தொப்பியை நேராக்கிக்கொண்டு நடந்தார்.

1959இல் மண் இடுப்பைத் தாண்டியிருந்தது. வைத்தியர் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்கு நெஞ்சு உள்ளே போய்விடும், பிறகு மூச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்றார். ஆலை ஆட்கள் வெட்டி எடுக்கப் பார்த்தார்கள். தோண்டிய குழி தோண்டிய வேகத்தில் நிறைந்தது. அன்று மதியம் டோனியா எமெரீதா கணவருக்குச் சோறு போடவில்லை.

"அந்தக் கோப்பையில காப்பி ஊத்திக் குடிக்கப்போறீங்களா? எம்புள்ளைய பாதி மண்ணு தின்னுடுச்சு. மீதியையும் உங்க பேருக்குப் படையல் போடணுமா?"

"நான் என்னடி செய்யட்டும்? பந்து அவனோடது."

"அவனோடதுன்னா இத்தனை வருஷத்துல இறங்கியிருக்காதா?"

அவர் மைதானத்துக்குப் போனார். மகனின் தலை அவருடைய இடுப்பு உயரத்தில் இருந்தது. அவனிடம் பேச அவர் ஒருநாளும் குனிந்ததில்லை. அன்றும் நின்றபடியே, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"எனக்கு உக்காரணும்பா," என்றான் நிக்கானோர். "வேற ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"கத்தினது நான் இல்லங்கறதையா? சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது."

அவர் அங்கேயே நின்றார். ஞாயிறுதோறும் நாலேகாலுக்கு நடுவர் பெலிசாரியோ வந்து மேலே பார்த்து, ஆட்டம் தொடர்கிறது என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அவர் பின்னால் ஊரில் பாதியும் வேடிக்கைக்கு வரும். அன்றும் வந்தது. கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு டோன் தியோஃபிலோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்குக் கத்தினது என் மகன் இல்ல. நான்."

யாரும் சிரிக்கவில்லை. வெனான்சியோ மட்டும், "பதினோரு வருஷமா நான் பயந்து விலகினேன்னு ஊரே பேசிச்சே, பெரியவரே," என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குன்னு கத்தினவர்தான் பிடிக்கணும். ஆனா நீங்க அணியில இல்ல. புடிச்சாலும் விட்டாலும் கோப்பை போகா ஓண்டாவுக்குத்தான். தோத்ததுக்குக் காரணம்னு உங்க பேருதான் எழுதுவேன். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

மண் உடனே இளகியது. நான்கு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, கிழங்கு வருவதுபோல நிக்கானோர் வெளியே வந்தான். டோன் தியோஃபிலோ அவன் நின்ற இடத்தில் நின்றார். வயது எழுபத்தாறு. கையுறையை வாங்கிக்கொள்ள மறுத்தார். பந்து வழக்கமான வேகத்தில் இறங்கியது. அவர் அதை இரு கைகளாலும் பிடித்தார், வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன, பந்து நழுவவில்லை. பெலிசாரியோ அதைக் குறிக்கவில்லை, குறிக்க விதியில் இடமில்லை. போகா ஓண்டா மூன்று, கானா பிராவா இரண்டு என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் மொன்தேஸ் என்று எழுதினார். கோப்பையை மறுநாள் மாட்டு வண்டியில் அனுப்பிவைத்தார்கள்.

அன்று மாலை நிக்கானோர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, உப்புக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஊர் கேலி பேசியது, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டது. நடு மைதானத்தில் அவன் நின்ற குழியை மட்டும் எந்த மண்ணாலும் மூட முடியவில்லை. இப்போது அங்கே ஆடுகிறவர்கள், உயரப் போன பந்துக்கு ஓடும்போது, கீழே பார்க்காமலே அந்த இடத்தில் ஒரு தாவு தாவிக்கொள்கிறார்கள்.