ஏழாவது ஆல்பம்

எங்கள் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு இப்போது ஷேர் ஆட்டோ ஓடுகிறது. நடந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்த நடைவழி ஒன்பதே அடிதான். ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மறுபக்கம் காலண்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது என் மனைவி நிறைமதி கேட்டாள்.

"நம்ம பட்டியல்ல அந்த மூணாவது ஆல்பத்துல உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

"எல்லாமே," என்றேன்.

அவள் ரசம் ஊற்றினாள். மறுநாள் காலை நடைவழி பன்னிரண்டு அடி இருந்தது. அதற்கு மறுநாள் முப்பது. வாரக் கடைசியில் நடுவில் ஒரு டீக்கடை வந்தது.

அவள் சமையலறை முனையில் இருக்கிறாள். நான் படுக்கையறை முனையில் இருக்கிறேன். சாப்பாடு ஆட்டோவில் வருகிறது. முதல் வாரம் டிபன் கேரியரின் மேல்தட்டில் ஒரு சீட்டு இருந்தது. 'மாத்திரை போட்டீங்களா?' இரண்டாவது வாரம் 'மாத்திரை' என்று மட்டும் இருந்தது. இந்த வாரம் சீட்டு இல்லை. மாத்திரையும் எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் ஊரில் பெண் பார்க்கும்போது ஜாதகம் கேட்பதில்லை. கேட்கத் தகுந்த பத்து ராப் ஆல்பங்களின் பட்டியல் கேட்பார்கள். இரண்டு வீட்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரகர் விரல் வைத்து இறங்குவார். நான்கு பொருந்தினால் மத்திமம். ஆறு என்றால் உத்தமம். எங்களுக்குப் பத்தும் பொருந்தின. வரிசைகூட மாறவில்லை. தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின வாரம் என் அக்கா அந்த வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டிருந்தாள். பெண்ணின் அம்மா சொம்பு எடுத்துவர உள்ளே போன நேரத்தில், ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் நல்ல பேனாவில் பார்த்து எழுதினேன். பத்தில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. திருமணமாகி எட்டு வருடங்களிலும் கேட்கவில்லை. ராப் என்றால் எனக்கு யாரோ கோபமாக முகவரி சொல்வதுபோல் இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. அனுப்பியது பொருத்த மறு ஆய்வு அலுவலகம். மாலை ஐந்து மணிக்குள் நடைவழி பழைய நீளத்துக்கு வராவிட்டால் இரண்டு முனைகளுக்கும் தனித்தனிக் கதவு எண் தரப்படும். 14, 14ஏ. அதன் பிறகு நாங்கள் கணவன் மனைவி அல்ல. அண்டை வீட்டார். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்துக்கொள்ளலாம் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

கிளம்பும்போது எதிர்வீட்டுத் தணிகாசலம் சாரையும் தூக்கிக்கொண்டேன். அவர் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். சித்திரை மாதம் ஸ்பீக்கராக மாறிவிட்டார். கறுப்பு நிறம், முழங்கால் உயரம். மருமகள் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறாள்.

"பாட்டுக் கேட்கணும் சார்."

"தாராளமா கேளுப்பா. சத்தத்தை மட்டும் இருபதுக்கு மேல ஏத்தாத. முதுகு பிடிச்சுக்கும்."

ஆட்டோ ஓட்டுபவர் ரெஜினா. நடைவழி நீண்ட முதல் வாரத்திலேயே பர்மிட் வாங்கிவிட்டவர்.

"பெரியவர மடில வச்சுக்கோ சார். வழில வெச்சா ஆளுங்க மிதிச்சுடுவாங்க."

அலுவலகம் இரண்டாவது நிறுத்தத்தில், காலண்டருக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கோமளவல்லி என்ற அதிகாரி.

"இருக்கீங்கன்றதுக்கு ஏதாவது சான்று?"

"நேர்ல வந்திருக்கேன் மேடம்."

"வந்தது தெரியுது. இருக்கீங்களான்னு கேட்டேன்."

ரெஜினா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி கோப்பைத் திறந்தார். எட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய பட்டியல் அதில் இருந்தது. என் கையெழுத்து அப்போது அழகாகத்தான் இருந்தது.

"பத்துல ஒன்பது ஆல்பம் எங்க பதிவேட்டுல இருக்கு. ஏழாவது இல்ல. 'தண்ணித் தொட்டி ரூம்'. ஹாஸ்டல் மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கற ரூம்ல பதிவு பண்ணது. உலகத்துலயே ஒரு காப்பிதான். பாடினவங்க நிறைமதி."

"என் மனைவி."

"அவங்க அதை யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல. பொண்ணு பார்க்க வரதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படிப் பிடிச்சுது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் 'மௌனம்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அப்ப அவளுக்கு முதல் நாளே தெரியுமா?"

"அது எங்க பிரிவு இல்ல. ஆல்பத்தையெல்லாம் கேட்டுக்கிட்டே போங்க. அஞ்சு மணிக்கு அளக்கற டேப்போட வரேன்."

ஆட்டோ நகரவில்லை. கோப்பைத் திறந்த பிறகு, ஆல்பம் ஓடினால்தான் இந்த வழியில் வண்டி ஓடும் என்றார் ரெஜினா. பட்டியலின் முதல் ஆல்பத்தை என் போனிலிருந்து தணிகாசலம் சாரில் போட்டேன்: 'மூணாவது பிளாட்பாரம்'. இரண்டு சகோதரிகள் மாறி மாறிப் பேசினார்கள். நான்காவது பாட்டில் யாரும் பேசவில்லை. குழாய் சொட்டியது, தூரத்தில் பீட் மட்டும் நடந்தது. பிறகு தங்கை, அப்பா எந்த ரயிலில் போனார் என்று கேட்டாள். அக்கா ரயிலின் எண்ணை மட்டும் சொன்னாள்.

"அந்த வண்டியை நான்தான் அறிவிச்சேன்," என்றார் தணிகாசலம் சார்.

யாரும் கோபமாக முகவரி சொல்லவில்லை. டீக்கடை பின்னால் போய்விட்டது.

இரண்டாவது 'கரண்ட் இல்லாத மார்ச்'. கருவியே கிடையாது. கைதட்டல், எவர்சில்வர் டம்ளர், தொடையில் தட்டும் சத்தம். அதன் கடைசிப் பாட்டை இன்னொரு முறை போட்டேன். ரெஜினா ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். நடைவழி ஒரு மைல் குறைந்தது.

மூன்றாவது 'ஒரு கிலோ இடி'. எல்லாப் பாட்டிலும் ஒருவர் தான் எவ்வளவு பெரியவர் என்று சொன்னார். ஐம்பது நிமிடம் சொன்னார்.

"எப்படி இருக்கு?" என்றார் ரெஜினா.

"எல்லாமே நல்லாயிருக்கு," என்றேன்.

ஆட்டோ பின்னோக்கிப் போனது. டீக்கடை மறுபடி எதிரில் வந்தது.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு சார். எனக்கு டீசல் வேஸ்ட் ஆவுது."

"பிடிக்கல. எனக்குத் தலை வலிக்குது."

ஆட்டோ ஒரே தாவலில் இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது.

நான்காவதில் ஒரு மெக்கானிக் தன் அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஐந்தாவது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன். ஆறாவது 'நாளைக்கு லீவு'. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தாளிக்கும் வாசனை வந்தது. மணி நான்கே கால்.

சமையலறை வாசலில் ஆட்டோ நின்றது. நிறைமதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வாரங்களில் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வாங்க," என்றாள். விருந்தாளிக்குச் சொல்வதுபோல் இருந்தது. "எத்தனை கேட்டீங்க?"

"ஆறு."

"மூணாவது?"

"பிடிக்கல."

கத்தி நின்றது. "எனக்கும் இப்ப பிடிக்கறதில்ல. கல்யாணத்தப்ப பிடிச்சிருந்தது. அதைப் பத்திச் சண்டை போடலாம்னுதான் அன்னிக்குக் கேட்டேன்."

தணிகாசலம் சாரை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு வணக்கம் சொன்னார்.

"ஏழாவது உன்னோடதுன்னு தெரியாது," என்றேன்.

"தெரியும்."

"நான் பார்த்துத்தான் எழுதினேன்."

"அதுவும் தெரியும். உங்க அக்கா தண்ணி கேட்டு வந்தவங்க, தண்ணி குடிக்காமலே போயிட்டாங்க."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

அவள் பீன்ஸை முறத்தில் தள்ளினாள்.

"என் ஆல்பம் பேரை இன்னொருத்தர் கையெழுத்துல அன்னிக்குத்தான் பார்த்தேன். பொய்னு தெரியும். ஆனா பார்க்க நல்லா இருந்தது. என்னிக்காவது ஒருநாள், அது என்ன ஆல்பம்னு கேட்பீங்கன்னு நினைச்சேன். எட்டு வருஷம் ஆச்சு."

குக்கர் ஒரு விசில் விட்டது.

"அது என்ன ஆல்பம்?" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடுகு டப்பாவைத் திறந்தாள். கடுகுக்குள் ஒரு பென் டிரைவ் இருந்தது. தணிகாசலம் சார் கொஞ்சம் திரும்பிக்கொடுத்தார்.

மூன்றே பாட்டுகள், பதினேழு நிமிடம். பத்தொன்பது வயது நிறைமதி வேகமாகப் பேசினாள். ஹாஸ்டல் உப்புமா, தொலைந்த சைக்கிள் சாவி, மொட்டை மாடியிலிருந்து தெரியும் ஊர். தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம்தான் பீட். மூன்றாவது பாட்டில், தன்னை யாராவது குறுக்கே பேசாமல் கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் குரல் இல்லை. தண்ணீர் மட்டும் ஏறியது.

"இதென்ன?"

"நாலு வரிக்கு இடம். இன்னொருத்தர் சொல்லணும்னு விட்டிருந்தேன். சீக்கிரம் சொல்லுங்க. தொட்டி நிரம்பினா பாட்டு முடிஞ்சிடும்."

நான் ராப் பாடியதில்லை. சொன்னேன்.

"பார்த்து எழுதினேன், கேட்டு எழுதல.
பத்தும் ஒண்ணுன்னாங்க, ஒண்ணும் தெரியல.
எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன், நீ பேசினது கேட்கல.
மன்னிச்சுடுன்னு சொல்ல வந்தேன், தாளத்துல நிக்கல."

தாளத்தில் நிற்கவில்லைதான். நான் முடிப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. தணிகாசலம் சார் தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மேற்படி நாலு வரிகள் எட்டு வருடம் தாமதமாக வந்து சேர்ந்துள்ளன. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

நிறைமதி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெகுநேரம் சிரித்தாள். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் போட்டுக்கொண்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோமளவல்லி மேடம் டேப்போடு வந்தார். நாலே எட்டில் வந்துவிட்டார். ஒரு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஒன்பதடி மூணு அங்குலம். மூணு அங்குலம் கூடுதல்."

"மிச்சம் மூணு ஆல்பம் இருக்கு மேடம்."

"அஞ்சு மணிக்கு மறுபடி அளப்பேன்."

நடைவழி சுருங்கியதில் ரெஜினாவின் ஆட்டோ வாஷிங் மெஷினுக்கும் காலண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மின்விசிறி அதன் கூரைமேல் சுற்றிக்கொண்டிருந்தது. ரெஜினா இறங்கவில்லை.

"எட்டாவதைப் போடு சார். சும்மா இருக்கறதுக்குக் கேட்கலாம்."

நிறைமதி எல்லோருக்கும் காபி போட்டாள். சூடாக இருந்தது. நாங்கள் பின் சீட்டில் உட்கார்ந்தோம். அதிகாரி டேப்போடு எங்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டார். தணிகாசலம் சார் நிறைமதியின் மடியில் இருந்தார். எட்டாவது ஆல்பம் ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் காத்திருக்கும் ஒருவர், தன் முறை வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

முதல் பாட்டு முடிந்தது. கோமளவல்லி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நிறைமதி என் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

நான் யோசித்தேன்.

"இன்னும் தெரியல. அடுத்ததைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஆட்டோவின் முன்சக்கரம் சமையலறை வாசற்படியில் மெல்ல இடித்தது. அதிகாரி குனிந்து டேப்பை வைத்துப் பார்த்தார். "ஒன்பதே அடி," என்றார். பிறகு அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சத்தத்தை இருபத்தொன்றில் வைக்கச் சொன்னார்.