பின்தலை

மத்தியானத் தூக்கம் கலைந்து மாஸ்டர் கண்ணைத் திறந்தபோது பக்கத்துத் தலையணையில் ஆள் இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தமும் இல்லை. மேசை மேல் தண்ணீர் பாட்டிலில் ஒரு சீட்டு சாய்த்து வைத்திருந்தது. "கீழ போயிட்டு வரேன். தூங்குங்க." மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக மாத்திரைக் கவர் மேல் காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறவள், புருஷனுக்கு எழுதினாலும் அதே கொட்டை எழுத்துதான். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மட்டும் போடவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளைகள் இல்லாமல் இரண்டு பேரும் வெளியூர் வந்தது இதுதான் முதல் தடவை. மூன்று நாள். அவளுடைய அக்கா, "நான் பாத்துக்கறேன், போய்த் தொலைங்க ரெண்டு பேரும்" என்று பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். பெரிய நகரம். அவர்கள் ஊர் முழுவதையும் தூக்கி இந்த ஓட்டல் இருக்கும் தெருவில் வைத்தாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும். முதல் நாள் நகரும் படிக்கட்டில் ஏறும்போது மாஸ்டர் பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் நீட்டினார், சின்னவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அவர் மனைவி சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. மாஸ்டருக்கு அன்று முழுக்க அந்தக் கையில் ஒரு கதகதப்பு இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

போனவள் வேறு, வந்தவள் வேறு. இடுப்பு வரைக்கும் தொங்கிய முடி கழுத்தோடு நின்றுவிட்டது. கன்னத்துப் பக்கம் லேசாக உள்ளே வளைந்து, பின்னால் ஏறி, கழுத்து முழுதாக வெளியே தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற கழுத்து இவ்வளவு நீளம் என்பது மாஸ்டருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

அவர் சொன்ன விதத்தில் அவள் முகத்துச் சிரிப்பு ஒரு விரற்கடை குறைந்தது.

விஷயம் இதுதான். மாஸ்டர் என்று ஊரே கூப்பிடுவது அவர் முடிவெட்டுகிறவர் என்பதால். மூன்று நாற்காலி போட்ட சலூன், பதினேழு வருஷத் தொழில். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் அவர் கத்தரியைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொல்லைப் படியில் அவளை உட்கார வைத்து, நுனியை இரண்டு விரலில் பிடித்து, நறுக் நறுக்கென்று சமன் செய்வார். மூன்று தடவை அவள் குட்டையாக வெட்டிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "உன் மூஞ்சிக்கு ஒத்துவராது" என்று மூன்று தடவையும் ஒரே பதில். மூஞ்சிக்கு ஒத்து வந்திருக்கும். ஒத்துவராதது அவர் கைக்கு. அவள் பிடரியில் இடது பக்கம் ஒரு சுழி உண்டு. அந்த இடத்தில் முடி கீழே பார்க்காமல் மேலே பார்க்கும். நீளமாக விட்டால் தெரியாது. குட்டையாக்கினால் குருவி வால் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். ஆம்பளைத் தலையாகவே வெட்டிப் பழகிய கை. அந்தச் சுழியைப் பார்த்தால் பயந்துவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"திரும்பு" என்றார்.

திரும்பினாள். சம்பந்தி வீட்டில் குறை தேட வந்தவர் மாதிரி முடியை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இடமும் வலமும் ஒரே நீளம். சுழி இருந்த இடத்தில் சுழியையே காணோம். அதைச் சுற்றி முடியை மெல்ல மெல்லக் குறைத்து, அது எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கமே போகவிட்டிருந்தான் எவனோ ஒருத்தன். அரை மணி நேரம் பார்த்த தலையில். மாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

"ஆம்பளையா பொம்பளையா, வெட்டினது?"

"ஆம்பளைதான். நாப்பது வயசு இருக்கும். ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"தலையைப் புடிச்சி விட்டாருங்க. அப்படியே தூக்கம் வந்திருச்சு எனக்கு."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் போய், ஒன்பது மாடிக்குக் கீழே போகிற கார்களை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஒரு பெரிய கடைக் கட்டடத்துக்குப் போனார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. கண்ணாடிக்குக் கண்ணாடி அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கை அடிக்கொரு தரம் பிடரிக்குப் போனது. அக்காவுக்குப் படம் அனுப்பினாள். உடனே போன் வந்தது. "அம்மா, செம! அப்பாவா வெட்டினாரு?" என்று பெரியவன் கத்தினது மாஸ்டருக்கும் கேட்டது. "இல்லடா, இங்க ஒருத்தர்" என்றாள். பிள்ளைகள் கூட இருந்திருந்தால் அவனுக்குப் பசி, இவளுக்கு அவசரம் என்று ஓடியதில் மாஸ்டரின் பொறாமைக்கு நிற்க இடம் கிடைத்திருக்காது. இங்கே அதற்கு வேறு வேலையே இல்லை. மூன்றாவது ஆளாக அவர்கள் கூடவே நடந்தது. சாப்பிடும்போது எதிர்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மத்தியானம் ரயில். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, "பசங்களுக்கு எதாவது வாங்கிட்டு வரேன்" என்று மாஸ்டர் கிளம்பினார். தெருவைத் தாண்டி, அவள் நேற்று கைகாட்டிச் சொன்ன அந்த முடிவெட்டும் கடைக்கு நேராகப் போனார்.

வெட்டுகிறவனைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அவன் தலையில் மருந்துக்கு ஒரு முடி இல்லை. விளக்கு வெளிச்சம் மண்டையில் பளபளத்தது. இவன்கிட்டயா, என்று நினைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்தே எத்தனையோ வருஷமாகிவிட்டது. துணியைப் போர்த்தியதும் கைகள் உள்ளே மாட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அவன் விரல் தலையில் பட்ட உடனே தெரிந்துவிட்டது. நல்ல கை. அழுத்தாத கை. தலையைத் திருப்பச் சொல்லாமலே திருப்ப வைக்கிற கை. மட்டமான கையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கமெல்லாம் முடித்துப் பின்னால் வந்தவன் நின்றான்.

"சார், பிடரி யார் எடுக்கறது? ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கே."

மாஸ்டர் தன் தலையைத் தானே இரண்டு கண்ணாடி வைத்து வெட்டிக்கொள்வார். பிடரி மட்டும் அவள் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, இடது கையால் அவர் தலையைக் குனிய வைத்து, "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்டுவாள். பாதி தூரம் நேராகப் போகும். நடுவில் மூச்சு விடுவாள். அங்கே கோடு கொஞ்சம் மேலே ஏறிவிடும். எப்போதும் அதே இடத்தில்தான். ஊருக்கெல்லாம் நேர்க்கோடு எடுக்கிற மாஸ்டர், பன்னிரண்டு வருஷமாகக் கோணல் கோட்டோடுதான் கடையில் நிற்கிறார். அவளிடம் அதைச் சொல்லத் தோன்றியதே இல்லை.

"நானேதான்" என்றார். "வீட்ல கண்ணாடி வச்சி எடுத்துக்கறது."

அவன் சிரித்தான். "நீங்களுமா? நேத்து ஒரு அம்மா வந்தாங்க சார். பின்னாடி ஒரு சுழி. யாரோ ரொம்ப வருஷமா அந்த எடத்த மட்டும் பயந்து பயந்து ஒதுக்கியே வெட்டியிருக்காங்க. யாரும்மா வெட்டினதுன்னு கேட்டா, நானேதாங்கறாங்க. எல்லாருக்கும் முதுகுல கண்ணு மொளைச்சிருச்சு போல."

மாஸ்டருக்கு முகமெல்லாம் சூடேறியது. பயந்து பயந்து! அதைக்கூட அவன் கண்டுபிடித்துவிட்டான். அது போகட்டும். என் புருஷன்தான் வெட்டுவார், அவரும் இதே தொழில்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இந்தப் பளபளப்பான கடையில் சொல்ல வெட்கமா? இல்லை, இவன் சிரித்துவிடுவானோ என்று என்னைக் காப்பாற்றினாளா? இரண்டில் எது என்று தெரியாமல் தவித்தார். தான் எதற்காகப் பொய் சொன்னோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் கையைப் பார்த்து இவன் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான். அவளும் அதற்காகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் நேற்று அவள் முகத்தில் இருந்த அந்தப் பூரிப்பு நம்பவிடவில்லை.

இந்த யோசனையில், கழுத்தில் குளிர்ச்சியாக எதுவோ பட்டதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தார். அந்தக் கோணல் கோட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது கத்தி பாதி தூரம் போயிருந்தது. பாதிக் கோட்டில் நிறுத்தச் சொல்ல எந்தத் தொழில்காரனுக்கும் மனசு வராது. கண்ணை மூடிக்கொண்டார்.

"பாருங்க சார்" என்று அவன் பின்னால் கண்ணாடி பிடித்தான். அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி இருந்தது.

அறைக்குத் திரும்பினதும் அவள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள்.

"பசங்களுக்கு என்ன வாங்கினீங்க?"

மாஸ்டருக்கு அப்போதுதான் அந்த நினைப்பே வந்தது. "ஒண்ணும் சரியா இல்ல. ஸ்டேஷன்ல வாங்கிக்கலாம்."

அதற்குப் பிறகு அவருக்கு அந்த அறை போதவில்லை. முதுகைச் சுவர்ப் பக்கமாகவே வைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தார். லிப்டில் அவளை முன்னால் ஏறச் சொன்னார். இறங்கும்போதும் முன்னால் போகச் சொன்னார். இவ்வளவு மரியாதை பன்னிரண்டு வருஷத்தில் கிடையாது. ஒரு தடவை மட்டும் அவள் அவர் காதோரத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் போகிற பஸ்ஸில் கூட்டம். முன்னும் பின்னுமாக இரண்டு ஒற்றை சீட்டு காலியாயிருந்தது.

"நீ முன்னாடி உக்காரு."

"இல்ல. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறு வழியில்லை. சட்டைக் காலரை ஒரு தரம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அது அந்த உயரத்துக்கு எட்டவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அந்த ஆளுகிட்டயே போனீங்களா?"

"ம்."

"நல்லா வெட்றாருல்ல?"

"ம்."

சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு கைக்குழந்தை மாஸ்டரையே பார்த்தது.

"நேரா இருக்கு." அவள் குரல் அவள் குரலாக இல்லை. "அப்ப இத்தன வருஷம் கோணலா இருந்துச்சா? ஏங்க, எனக்குச் சொல்லவே இல்லியே நீங்க?"

மாஸ்டர் காலரை மறுபடியும் மேலே இழுத்தார்.

"யாரு எடுக்கறதுன்னு கேட்டாரா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நானேதான்னு சொன்னேன்."

பின்னால் அவள் மூச்சு நின்றது அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் கிளம்பியது. அப்போது அவள் விரல்நுனி அவர் பிடரியின் ஓரத்தில் வந்து நின்றது. அந்தப் புதுக் கோட்டைத் தொட்டுக்கொண்டே மெதுவாக நகர்ந்தது. நடுவில், அவள் மூச்சு விடுகிற இடத்துக்கு வந்ததும் நின்றது. ஒரு கணம் நின்று, நகம் பதிகிற அளவுக்கு அழுத்தி, கொஞ்சம் மேலே ஏறியது.