குரல் மட்டும் சேர்ந்த கல்லூரி

1956 ஆவணியில் தங்கச்சிமடம் லீமாரோஸின் குரல் மட்டும் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் போய்ச் சேர்ந்தது. ஆளையும் சேர்த்து அனுப்பப் பணம் போதவில்லை. அந்த வாரம் பாம்பனில் சாளை மீன் மலிவு.

மதுரையில் கணக்கில் பட்டம் வாங்கியவள் அவள். மேல்படிப்புக்கு இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் இடம் தந்தன. ஒன்று சோப்பு விற்றுப் பணக்காரரான ஒருவர் பேரில் இருந்தது. படிப்பு, சாப்பாடு, கப்பல் டிக்கெட் எல்லாம் தன் செலவு என்றது. மற்றது புனித யாகப்பர் பேரில் இருந்தது. இடம் உண்டு, காசு கிடையாது என்றது. வேறு வீடாக இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் லீமாரோஸ் நேர்ந்து பெற்ற பிள்ளை. மூன்று பிள்ளைகள் தங்காமல் போக, நான்காவதை யாகப்பர் கோயிலில் ஒப்படைத்து, ஒரு மரக்கால் உப்புக் கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்தார்கள்.

"அவரு குடுத்த புள்ளய சோப்புக்காரன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?" என்றார் அவளுடைய அய்யா சவேரியார். லீமாரோஸுக்குப் பதில் தொண்டை வரை வந்தது. அய்யா எதிரில் பேசிப் பழக்கமில்லாததால் விழுங்கிவிட்டாள். பாவி மகள், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம்.

கடலுக்குப் போகும் வல்லத்தை விற்றார், வலையை விற்றார், அம்மா யாகப்பம்மாளின் காதில் கிடந்ததையும் விற்றார். எல்லாம் சேர்த்தும் யாகப்பர் கல்லூரி கேட்டதில் கால்வாசிதான் தேறியது. அதை அனுப்பிவைத்தார்கள். வந்த பணத்துக்கு உள்ளதைச் சேர்த்துக்கொண்டோம், பாக்கி வந்ததும் மிச்சத்தை அனுப்பவும் என்று கல்லூரி மரியாதையாக எழுதியது. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு நாள் காலையில் யாகப்பம்மாள் கூப்பிட்டபோது லீமாரோஸ் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, படித்தவர்கள் இடம், பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சவேரியார் அடுத்தவர் வல்லத்தில் கூலிக்குப் போனார். பாக்கி சேரவே இல்லை. இங்கே லீமாரோஸ் கருவாட்டுக்கு உப்புப் போட்டாள். அங்கே குரல் பாடம் ஒப்பித்துப் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலையிலும் சேர்ந்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே பேராக இருக்கிறதே என்று தபால்காரர் தங்கசாமி முதல் மாதம் மட்டும் கேட்டார்.

பணத்தோடு கடிதமும் வரும். குரல் சொல்லச் சொல்ல யாரோ இங்கிலீஷில் டைப் அடித்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் லீமாரோஸ் ஒருத்திதான், அவளால் வாசித்துக் காட்ட முடியாது. வெளியாரிடம் அவள் கொடுக்கவும் மாட்டாள். புயலடித்த வருஷத்துக் கடிதம் சின்னது. அய்யா, சோப்புக்காரர் கல்லூரிக்குப் போகத்தான் எனக்கு ஆசை, அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இங்கே அழுகை வருகிறது, அழுவதற்குக் கண் அங்கேயல்லவா இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"என்ன தாயி எழுதியிருக்கா? அங்கன நல்லா இருக்காளாமா?" என்று சவேரியார் அவளிடமே கேட்டார்.

லீமாரோஸ் தலையாட்டினாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. அங்கே குரலுக்கு வகுப்பு முடிந்திருக்கும். அது ஓயும்வரை இருந்து கண்ணைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவாட்டைத் திருப்பிப்போடப் போனாள்.