மூன்றாவது ஓலை

சனிக்கிழமை திருச்சியிலிருந்து வந்தவள் கைகால் கழுவக் கொல்லைக்குப் போனேன். குப்பைமேட்டில் என் தங்கை ஷெரினின் மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்காத முழு அட்டைகள். எனக்கு உச்சி சுள்ளென்றது.

"யம்மா! வலிப்பு மாத்திரய யாரு இங்க போட்டது?"

அம்மா அடுப்படியிலிருந்து நிதானமாக வந்தாள். "கத்தாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அவளுக்குத்தான் மூணு வருசமா வரலயே. பெறகு எதுக்கு மாத்திர?"

"மாத்திர போட்டதுனாலதாம்மா வரல!"

"ஆண்ட்ரூஸ் வீட்டுக்குப் போயி இத எங்கிட்டு ஒளிச்சு வப்பா? அவுக ஆத்தா ஞானமணி கண்ணுல பட்டா அன்னைக்கே கொண்டாந்து விட்ருவாக. கல்யாணம் முடியட்டும், பெறகு போட்டுக்கிறட்டும்."

எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. ஷெரினுக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மறுநாள் மூன்றாவது. வலிப்பு தடை என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. அதைத் தடையாக்கியது என் அம்மா அந்தோணிமேரி.

ஷெரின் கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஆலங்குடியில் கணக்கு டீச்சர். "நீயுமாடி?" என்றேன். "அம்மா தெனம் அழுவுதுக்கா. கொஞ்ச நாளுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள், நிமிராமல்.

என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல? நான் ஆராய்ச்சி செய்வதே மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் எப்படி அள்ளப்படுகிறது என்பதைத்தான். ஒரு நரம்பணு அடுத்ததை எழுப்ப அதைத்தான் கொட்டுகிறது. சேதி சொன்னதும் அது அங்கே கிடக்கக் கூடாது, கிடந்தால் அடுத்த நரம்பணு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலிருக்கும் நட்சத்திர வடிவ உயிரணுக்களின் தோலில் அதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. வெளியே நிறைந்திருக்கும் சோடியம் உள்ளே பாயத் துடிக்கும், அந்த வேகத்தில் குளூட்டமேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உள்ளே அதைச் சாதுவான குளூட்டமின் ஆக்கி, நரம்பணுவுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். எல்லா வலிப்புக்கும் இந்த அள்ளுகிற வேலை கெடுவதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலிப்பு வரும்போது கொட்டுவது அள்ளுவதை மிஞ்சிவிடுகிறது, அது நிச்சயம்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் சொன்னேன். "பந்தி எந்திரிச்சதும் எலய எடுக்காம விட்டா அடுத்த பந்தி என்னத்துக்கு ஆகும்? அம்புட்டுத்தாம்மா. இதுல பேயி எங்க வந்துச்சு, பாவம் எங்க வந்துச்சு, மானம் எங்க வந்துச்சு?"

"நீ படிச்சவ. ஒனக்குப் பேச வாய் இருக்கு. நாளக்கி ஊரு பேசுனா நாந்தான கேக்கணும்" என்றாள் அம்மா.

டாக்டருக்குப் போன் போட்டேன். நிறுத்தியது பெரிய தப்பு என்றார். உடனே ஆரம்பிக்கச் சொல்லி, திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார். புது அட்டை வாங்கி வந்து, ஷெரின் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றேன். ஆனால் விட்டுப்போன நாட்களை ஒரு மாத்திரை ஈடுகட்டிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு பூசையில் சாமியார் மைக்கில் ஷெரின் பெயரை வாசித்தார். ஆண்ட்ரூஸ் பெயரை வாசித்தார். "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்றபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று பயம். எங்களுக்கு நடுவில் இருந்த ஷெரின் அப்போதுதான் ஒரு மாதிரி கத்திக்கொண்டு சாய்ந்தாள்.

கோயிலே எழுந்துவிட்டது. "இரும்பு, இரும்பு குடுங்க!" யாரோ கத்த, கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் ஓடிவந்து கோயில் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார். வெட்டி வெட்டி இழுத்த கையில் சாவிப்பல் கிழித்து ரத்தம் வந்தது. பிடுங்கி எறிந்தேன். அது பீடத்துப் படிவரை போய் விழுந்தது.

"யாரும் தொடாதீங்க! இரும்பால எந்த வலிப்பும் நிக்காது! காத்த விடுங்க!"

கோயில் என்றும் பார்க்கவில்லை, சாமியார் என்றும் பார்க்கவில்லை. தலைக்குக் கீழே என் துப்பட்டாவைச் சுருட்டி வைத்து, இழுப்பு ஓய்ந்ததும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவள் கண் விழிக்க வெகுநேரம் ஆனது போலிருந்தது.

அம்மா முந்தானையை விரித்து ஷெரினின் முகத்தை மூடினாள். பெண்கள் பக்கத்தைப் பார்த்து, ஞானமணியைப் பார்த்து, "காலையில ஒண்ணும் சாப்புடல. அதான் மயக்கம்" என்றாள். ஓலை வாசித்து முடித்த இடத்தில், பீடத்துக்கு எதிரிலேயே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயெல்லாம்..." என்று தொடங்கினேன்.

முந்தானைக்கு உள்ளிருந்து ஷெரினின் கை வந்தது. துணியைப் பிடித்து இழுத்தாள். அம்மா விடவில்லை. இன்னும் இழுத்தாள். அம்மாவின் தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்து, முந்தானை ஷெரினின் கையோடு வந்தது.

"மயக்கமில்ல." எழுந்து உட்கார்ந்தாள். நாக்கு கடிபட்டுப் பேச்சு குழறியது. "வலிப்பு. சின்ன வயசுலேருந்து இருக்கு. மாத்திர போடுவேன். கட்டிக்கிட்டாலும் போடுவேன்."

ஞானமணி வாயில் கை வைத்தபடி நின்றாள். ஆண்கள் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் இருந்த பெஞ்சு கிறீச்சிட்டு நகர்ந்தது. எழுந்தவர் வாசலைப் பார்த்துப் போகிறாரா, இங்கிட்டு வருகிறாரா என்று சுற்றி நின்ற கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. ஷெரின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டில் ரத்தத்தோடு, முகத்தைத் துடைக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.