மாத்திரைக்குத் தொட்டில்

வேங்கிக்காலில் ஆதிமூலம் நடத்தும் மருந்துக் கம்பெனியில் அன்று மாத்திரைக்குப் பெயர் சூட்டும் விழா. பிள்ளைக்குச் செய்வது போலவே தொட்டில் கட்டி, ஒற்றை மாத்திரையைக் கிடத்தியிருந்தார்கள். ஆதிமூலம் குனிந்து அதன் காதில் மூன்று தரம் சொன்னார்: "ஜோகீவிமால்." மாத்திரைக்குக் காது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா ஜோதியம்மாள், மகள் கீர்த்தனா, முதல் போட்ட மச்சினன் விமல்ராஜ் மூவரையும் கோத்த பெயர் அது.

"என் பேரு எங்க?" என்றாள் மனைவி மங்கை.

"அதான் உன் தம்பி இருக்கான்ல."

சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். மாத்திரை கரைய ஆரம்பித்தது.

உஸ்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தயாரிப்புக்குப் பொறுப்பாளராக அரசாங்கத்தில் பதிவாகியிருப்பது அவள் பெயர். அச்சுக்குப் போகும் மாதிரி அட்டையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்குள் மாத்திரை அடி அண்ணாமலைக் கடைகளில் தொங்க வேண்டுமாம். அட்டையில் ஜோகீவிமால் கோபுரமாக நின்றது. அதன் காலடியில் எறும்பாகப் பாரசிட்டமால். சட்டம் சொல்வது நேர்மாறு. கையெழுத்துப் போட்டால் பதிவு போகும், போடாவிட்டால் வேலை.

"சார், மருந்தோட பொதுப்பேருதான் பெருசா இருக்கணும். நம்ம பேரு ரெண்டு சைஸாவது கம்மியா."

"எங்கம்மா பேரு கம்மியா? யாரும்மா அந்தப் பாரசிட்டமால்? அவனும் குடும்பத்தத்தானே கோத்திருப்பான்?"

"குடும்பம் இல்ல சார். பாரா, அசிட்டைல், அமினோ, பீனால்னு அந்தப் பொருளோட முழுப்பேர வெட்டி ஒட்டினது. உள்ள இருக்கறதுதான் பேரு."

"அப்ப நம்ம பேருல?"

"அவங்க யாரும் உள்ள இல்ல சார்."

மங்கை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"கையெழுத்து போட மாட்ட?"

"மாட்டேன் சார்."

காதில் விழவில்லை என்று ஆதிமூலம் திரும்பக் கேட்டார். அதே சின்னக் குரலில் அதையே சொன்னாள். "உங்க லைசென்சும் போயிடும் சார்" என்று சேர்த்தாள். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

திருத்திய அட்டையில் உஸ்மா கையெழுத்துப் போட்டாள். அச்சாகி வந்த முதல் மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஜோதியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு தன்னைத் தேடினார். "நான் எங்கடா இருக்கேன்?" என்று மகனை விடாமல் கேட்டார்.

மங்கை நெற்றியைப் பிடித்தபடி எழுந்து வந்தாள்.

"தல வலிக்குது. உஸ்மா, ஒரு பாரசிட்டமால் குடும்மா."