குத்தச் சீட்டு

சின்னவளை லேபில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைப் பொறாமைக்காரி என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னாலும் பரவாயில்லை. பொறாமைக்காரிதான். ஆனால் காரணமில்லாமல் இல்லை.

சின்னவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள். "சின்னவளே" என்று கூப்பிடும்போது மட்டும் அவர் குரல் குழையும். பெரியவளைக் கூப்பிடுவது பெரும்பாலும் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்வதற்காக இருக்கும்.

லேப் என்றால் ரத்தப் பரிசோதனை செய்யும் இடம். முன்னால் கண்ணாடிக் கதவும் வரிசையாக நாற்காலிகளும், பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்தப் பின்னறையில் எனக்குப் பதினோரு வருடம். வருகிற குழாய்களில் பெயர் ஒட்டுவேன், சுழற்றும் இயந்திரத்தில் அடுக்குவேன், நின்றதும் எடுப்பேன். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு, எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு முகம்கூடத் தெரியாது. சின்னவள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, முன்னால் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் "அந்தப் பொண்ணு எடுத்தா வலிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கும் ரத்தம் எடுக்கத் தெரியும், யாரும் கேட்பதில்லை.

லேபில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பின்னால் நீலப் பெட்டி கட்டியது. நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர அந்த வண்டி. அதை ஓட்டியவர் வேலையை விட்டு நிற்கப்போவதாகச் சொன்னதும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கியர் வண்டி. லைசென்ஸும் வேணும், பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சர்டிபிகேட்டும் வேணும். மாசக் கடைசிக்குள்ள யார் ரெண்டையும் கொண்டு வர்றீங்களோ அவங்களுக்குத்தான் அந்த வேலை. ரெண்டு பேரும் கொண்டு வந்தா, சீனியர் பெரியவங்க, அவங்களுக்கு."

அதாவது நான் பாஸானால் போதும். அவள் என்ன செய்தாலும் வண்டி எனக்குத்தான். பின்னறையை விட்டு வெளியே வருவேன், காற்றுப் படும், குழாயில் எழுதியிருக்கும் பெயர்கள் கதவைத் திறந்து "வாங்க" என்று சொல்லும். அதை நினைத்தே அன்று இரண்டு குழாய்களுக்கு மாற்றிப் பெயர் ஒட்டப் பார்த்தேன்.

"நானும் கத்துக்கிறேனே அக்கா, சும்மா உங்களுக்குத் துணையா," என்றாள் சின்னவள். துணையாம். லைசென்ஸுக்கு முன்னால் வைக்கும் எழுத்துத் தேர்வில் முப்பதுக்கு நான் இருபத்தெட்டு. துணைக்கு வந்தவள் முப்பது.

பயிற்சி ஆறு நாள், காலையில், ஒரு பழைய லாரி நிறுத்துமிடத்தில். தரையில் வெள்ளைக் கோடுகள், ஆரஞ்சு நிறக் கூம்புகள், ஓரமாக ஒரு பெஞ்சு. எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். சொல்லிக்கொடுத்தவர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவர் எங்களுக்கு விசில்காரர். முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. தள்ளச் சொன்னார். எனக்குக் கை விட்டுப்போயிற்று. சின்னவள் ஏதோ தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளுகிறவள் போலப் போனாள்.

ஹெல்மெட்டிலும் அப்படித்தான். கழற்றினால் என் தலைமுடி நாலு பக்கமும் எழும்பி நிற்கும். அவளுக்கு இன்னும் படிந்து, பார்லருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். வண்டி எனக்கு நாலு உதை கேட்கும், அவளுக்கு ஒரே உதை. வயிறு எரியாமல் என்ன செய்யும்? இதையெல்லாம் இரவு சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னால், "நம்ம வீட்டுல கொசுவர்த்தியே வேணாம். உன் காதுல வர்ற புகையே போதும்," என்றார்.

விசில்காரரிடம் ஒரு முறை இருந்தது. எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் தப்புகளை எழுத வேண்டும். கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர், பார்வை, கால் என்று கட்டம் போட்ட தாள். தப்பு இல்லையென்றால் கட்டத்தில் ஒரு டிக். முடிந்ததும் தாளை ஓட்டியவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

"ஓட்டுறவங்களுக்குத் தன் தப்பு தெரியாது. பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். பதினாலு பேரையும் நான் ஒருத்தன் பாக்க முடியாது, அதனால ஒளிக்காம எழுதுங்க," என்றார்.

நாங்கள் அதற்குக் குத்தச் சீட்டு என்று பெயர் வைத்தோம். ஒரே வீடு என்று தெரிந்ததும் என்னையும் சின்னவளையும் ஜோடி போட்டுவிட்டார். எனக்கு அன்றுதான் பயிற்சியே பிடித்தது. அவள் குற்றத்தை எழுத எனக்கு ஒருவர் பேனாவும் கொடுத்து, உட்கார இடமும் கொடுக்கிறார்! வீட்டில் மூன்று வருடமாக மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

அக்குவேறு ஆணிவேறாக எழுதினேன். முதல் நாளே நாலு. முன் பிரேக்கை மட்டும் பிடிக்கிறாள். இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறாள். முழங்கையை விறைக்கிறாள். கிளம்பும் முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை நீட்டியபோது அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். அவள் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றாள். மறுநாள் அந்த நாலில் ஒன்றுகூட இல்லை. நான் புதிதாக மூன்று கண்டுபிடித்தேன். அதற்கு மறுநாள் அந்த மூன்றும் இல்லை. ஆறாவது நாள் எழுத ஒன்றுமே கிடைக்காமல், ‘ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறாள்’ என்று எழுதினேன். விசில்காரர் எட்டிப் பார்த்து, "இது தப்புல வராதும்மா," என்று அடித்துவிட்டார்.

என் தாளை அவள் தினமும் மடித்துத்தான் கொடுப்பாள். பிரித்தால் ஐந்து கட்டத்திலும் டிக், கீழே முத்துமுத்தான எழுத்தில் ‘எல்லாம் சரி.’ ஆறு நாளும் எல்லாம் சரி. நான் பூரித்துப் போனேன். என்ன இருந்தாலும் என்னைக் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் சிக்கவில்லை பார் என்று, அந்த ஆறு தாளையும் மாமியார் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். விசில்காரர் என் பக்கம் பார்த்து விசில் ஊதும்போதெல்லாம், பின்னால் வருகிறவனுக்கு ஊதுகிறார் என்றே நினைத்துக்கொண்டேன். பாவம், எவ்வளவு தப்புப் பண்ணுகிறான் என்றுகூட இரக்கப்பட்டேன். சர்டிபிகேட் இருவருக்கும் கிடைத்தது. ஆறு நாளும் வந்த எல்லாருக்கும் அது உண்டு.

லைசென்ஸ் தேர்வு வேறு இடம், வேறு அதிகாரி. நேராகப் போக வேண்டும், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வர வேண்டும், கடைசியில் இரண்டு வெள்ளைக் கோட்டுக்குள் வண்டியைத் திருப்ப வேண்டும். கோட்டைத் தாண்டினாலோ காலை ஊன்றினாலோ அவ்வளவுதான். சின்னவள் முதலில் போனாள். தோளுக்குப் பின்னால் பார்த்தாள், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள், முழங்கை தளர்ந்திருந்தது, இண்டிகேட்டரை மறக்காமல் அணைத்தாள். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால் திருந்தி ஓடிப் போயிற்று. அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நான். கூம்புகளை ஒன்றும் செய்யாமல் வளைந்துவிட்டேன். இனி திருப்பம் மட்டும்தான். வண்டியைச் சாய்த்தேன். அவள் ஓரத்துப் பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முடி கலையாமல். அடுத்த நொடி வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி நேராக அந்தப் பெஞ்சைப் பார்த்துப் போனது. ஒரு கூம்பு உருண்டது. இரண்டு காலையும் ஊன்றிவிட்டேன். சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"திரும்பும்போது எங்கம்மா பாக்குறீங்க? பார்வை எங்க போகுதோ அங்கதான் வண்டி போகும். இதுகூடச் சொல்லித் தரலயா? முப்பது நாள் கழிச்சு வாங்க," என்றார் அதிகாரி.

மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு நாளும் நான் இப்படித்தான் திரும்பினேனா?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஆமாக்கா."

"அப்ப ஏன்டி எழுதல? எல்லாம் சரி, எல்லாம் சரின்னு எழுதி எழுதி என்னைக் கவுத்துட்டியே! நான் பாஸானா வண்டி எனக்குன்னு தெரிஞ்சுதான பண்ணின?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அய்யோ, இல்லக்கா. நீங்க மூத்தவங்க. உங்களுக்குப் போய் நான் எப்படிக்கா தப்பு போடுறது? நீங்க சமைச்சதுல உப்பு இல்லன்னாகூட நான் ஒரு நாளும் சொன்னதில்லயே."

"உப்பு வேற இல்லயா?"

பஸ் வந்தது. நான் முன்பக்கம் ஏறினேன், அவள் பின்பக்கம் ஏறினாள்.

மரியாதையா தந்திரமா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. தந்திரம் என்றே முடிவு செய்தேன், அப்போதுதான் தூக்கம் வந்தது. நாலாம் நாள் அவள் நீலப் பெட்டி வண்டியில் கிளம்பினாள். ஒரே உதை. டாக்டரம்மா வாசல்வரை வந்து கையசைத்தார். நான் பின்னறைக்குப் போய்ப் பெயர் ஒட்டினேன். மதியம் அவள் கொண்டுவந்த குழாய்கள் என்னிடம்தான் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேசினார்கள் என்று முன்னறையில் அவள் சொல்வதும் எல்லாரும் சிரிப்பதும் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அவளை வழிமறித்தேன்.

"இன்னும் இருபத்தாறு நாள்ல நான் திரும்பப் போகணும். ஒழுங்கா ஒரு குத்தச் சீட்டு எழுதிக் குடு. மூத்தவ, கீத்தவ, ஒண்ணும் பாக்காத. ஒளிச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நடக்கிறதே வேற."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்," என்றேன் கோபமாக.

மறுநாள் மதியம் பெட்டி வந்தது. குழாய்களை எடுத்தேன். அடியில் ஐஸ் பைகளுக்கு நடுவே, ரத்தக் குழாய் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. உறைமேல் ‘பெரியவங்க’ என்று லேபிள். குழாய்களைச் சுழலவிட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள், நாள்வாரியாக, எண் போட்டு.

‘1. தள்ளும்போது ஸ்டாண்டை மடக்க மறந்துட்டீங்க. 2. கிளட்சை டக்குன்னு விடுறீங்க, அதான் வண்டி அணையுது. 3. நாலு உதை தேவையில்ல அக்கா, நீங்க சாவியே போடாம மூணு தடவை உதைக்கிறீங்க.’

காது சூடாகிவிட்டது. ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள்! எந்தக் கூம்பு, எந்தக் கை, விசில் ஊதியது எனக்குத்தான் என்பது உட்பட. நான் ஆறு நாளில் மறந்துபோனதெல்லாம் அதில் இருந்தது. பொய் என்று அடிக்க ஒரு வரியாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே பின்பக்கத்துக்கு வந்தேன். கடைசி வரி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, சின்ன எழுத்தில் இருந்தது.

‘17. திரும்பும்போது போற வழியைப் பாக்குறதில்ல. பெஞ்சுல இருக்கிற என்னைத்தான் பாக்குறீங்க. ஆறு நாளும். வீட்டுலயும்.’

இயந்திரம் சுழன்று முடித்து நின்றது. குழாய்களை எடுக்க எழுந்திருக்கவில்லை. மொத்தம் பதினேழு. நான் அவளுக்கு எழுதியது பதினொன்று, அதிலும் ஒன்றை விசில்காரர் அடித்துவிட்டார். குறை கண்டுபிடிக்கிறதிலாவது இந்த வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இருந்தேன். அதிலும் அவள்தான். வயிறு எரிந்தது.

முன்னறையில் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. என் கண் தானாகக் கதவுப் பக்கம் போனது, பாதியில் பிடித்துத் திருப்பினேன். லேபிள் எழுதும் பேனாவை எடுத்துப் பதினேழுக்குப் பக்கத்தில் நானே ஒரு டிக் போட்டேன்.